சலவைக்குப் போட்ட சாக்ஸ் எங்கே போகிறது?

ஒரு சட்டை தொலைந்தால் நஷ்டம் ஒரு சட்டையோடு முடிந்துவிடும். ஒரு சாக்ஸ் தொலைந்தால் வீட்டில் பத்திரமாக இருக்கும் இன்னொன்றும் உதவாமல் போகிறது. சட்டை தொலைந்தது ஓரிரு நாளில் தெரிந்துவிடும். சாக்ஸ் தொலைந்ததோ பள்ளிக்கூட வேன் வாசலில் ஹாரன் அடிக்கும்போதுதான் தெரியவரும். அது எந்தக் கிழமை, எந்தத் துவைப்பில், எந்த இடத்தில் விட்டுப்போனது என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது. கடைசியாகத் துவைத்த இடத்தின் மேல் பழி விழுகிறது. வாஷிங் மெஷின் இருக்கும் வீட்டில் மெஷின் மேல், இல்லாத வீட்டில் துவைத்தவர் மேல்.

ஆனால் சாக்ஸ் காலில் இருந்து கழன்று மறுபடி காலுக்கு வருவதற்குள் பல கை மாறுகிறது. ஷூவுக்குள், பள்ளிப் பைக்குள், கட்டிலுக்கு அடியில், அழுக்குக் கூடையில், ஊறவைத்த வாளியில், மெஷினில், கொடியில், மடித்து வைக்கும் பாயில், கடைசியாக அலமாரியில். இதில் எங்கே வேண்டுமானாலும் ஜோடி பிரியலாம். 2016இல் சாம்சங் நிறுவனம் பிரிட்டனில் 2,000 பேரிடம் கேட்டு எடுத்த கணக்கு, ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 15 சாக்ஸ் தொலைப்பதாகச் சொன்னது. துவைத்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் துணி போடும் வசதியுள்ள புது மெஷினை விற்பதற்காக எடுத்த கணக்கு அது என்பதால் எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அதில் மக்கள் சொன்ன காரணங்கள் மட்டும் எந்த ஊருக்கும் பொருந்தும்: மரச்சாமான்களுக்கு அடியில் விழுந்துவிட்டது, வேறு நிறத் துணிகளோடு கலந்து தனியாகப் பிரிந்தது, கொடியில் இருந்து விழுந்தது, அவசரத்தில் தவறான ஜோடியாக மடிக்கப்பட்டது.

மெஷினுக்குள்

மெஷின் சாக்ஸைத் தின்னும் என்று சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. முன்பக்கம் கதவு வைத்த ஃபிரன்ட் லோடு மெஷினில் துணி சுற்றும் துளைபோட்ட ஸ்டீல் டிரம் ஒன்று, அதைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் வெளித்தொட்டி ஒன்று. சுற்றும் டிரம்முக்கும் சுற்றாத தொட்டிக்கும் நடுவே சிறிது இடைவெளி இருந்தே ஆக வேண்டும். கதவை ஒட்டியிருக்கும் மடிப்பு வைத்த ரப்பர் வளையம், அதாவது கேஸ்கெட், தண்ணீர் வெளியே வராமல் தடுக்கும். டிரம்மின் விளிம்பும் இந்த ரப்பரும் நெருங்கும் இடத்தில்தான் ஆபத்து. துணியைத் திணித்துப் போட்டால் ஸ்பின் ஓடும்போது அது முன்பக்கம் நெருக்கிக்கொண்டு வரும். குழந்தையின் சாக்ஸ் போன்ற சின்னத் துணி அந்த இடுக்கில் நுழைந்து வெளித்தொட்டிக்குள் விழுந்துவிடும். பிறகு அது தொட்டியின் அடியிலேயே கிடக்கலாம், தண்ணீர் சூடாக்கும் ஹீட்டரில் சிக்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் குழாய் வழியாக டிரெயின் பம்ப் ஃபில்டர் வரை போய் நிற்கலாம். அவ்வளவு தூரம் போகாதவை ரப்பரின் மடிப்புக்குள்ளேயே ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு நாற்றம் எடுக்கும்.

மேலே மூடி வைத்த டாப் லோடு மெஷினில் வழி வேறு. தண்ணீரும் துணியும் அளவுக்கு மேல் இருந்தால் சாக்ஸ் மிதந்து மேலே வந்து, டிரம் விளிம்பைத் தாண்டி, அதற்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே இறங்கிவிடும்.

சின்ன ஊர்களில் பரவலாகப் புழங்குவது இரண்டு தொட்டி வைத்த செமி ஆட்டோமேட்டிக் மெஷின். குழாயில் எப்போதும் தண்ணீர் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, விலையும் குறைவு. இதில் பிழியும் தொட்டிக்குள் துணிமேல் வைக்க, ஓட்டைகள் போட்ட வட்டமான பிளாஸ்டிக் மூடி ஒன்றைக் கம்பெனியே கொடுக்கிறது. வாங்கிய சில மாதங்களில் பல வீடுகளில் அந்த மூடி மொட்டை மாடியிலோ பரண்மேலோ கிடக்கும். அது சாதாரண மூடி அல்ல. ஸ்பின் வேகம் எடுக்கும்போது துணி சுவரோடு ஒட்டி மேலே ஏறும். மேலே அழுத்தம் இல்லாவிட்டால் முதலில் எகிறிக் கூடைக்கு வெளியே விழுவது சாக்ஸும் கைக்குட்டையும்தான். வெளியே விழுந்த சாக்ஸ் சுழலும் அச்சில் சுற்றிக்கொண்டு, தொட்டி ஓடாமல் நின்ற பிறகுதான் மெக்கானிக் கையில் கந்தலாக வரும். அந்தப் பிளாஸ்டிக் மூடியைத் தவறாமல் வைப்பது ஒன்றே இந்த வகை மெஷினில் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

இவற்றைவிட அதிகம் நடப்பது இன்னொன்று. சாக்ஸ் மெஷினுக்குள்ளேயேதான் இருக்கிறது, கண்ணில் படுவதில்லை. ஸ்பின் முடிந்ததும் டிரம்மின் மேல்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்பு சாக்ஸ், குனிந்து எடுப்பவருக்குத் தெரியாது. மூலைகளில் எலாஸ்டிக் வைத்த படுக்கை விரிப்பின் மடிப்பு, தலையணை உறை, பேன்ட் கால், முழுக்கைச் சட்டையின் கை ஆகிய எல்லாமே சாக்ஸ் புகுந்துகொள்ளும் பைகள். விரிப்பு மடித்து அலமாரிக்குள் போனால் அடுத்த முறை விரிக்கும்வரை அந்த சாக்ஸ் தொலைந்த கணக்கில்தான் சேரும்.

வாளியும் கொடியும்

கையால் துவைக்கும் வீட்டிலும் சாக்ஸ் தொலைகிறது. கொள்ளேகாலில் இருந்து மலை மகாதேஸ்வர மலைக்குப் போகும் சாலையில், ஹனூரைத் தாண்டி வரும் கௌதள்ளியைப் போன்ற ஊர்களில் வாளியும் துவைகல்லும் இன்றும் புழக்கத்தில் உள்ளவை. பழைய மைசூர் மாவட்டத்தின் இந்தக் கிழக்கு ஓரம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்தது. கன்னடமும் தமிழும் கலந்து புழங்கும் பகுதி. இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது.

இங்கே அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் வெள்ளை சாக்ஸுக்குப் பின்னால் அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. கர்நாடக அரசு 2015-16 கல்வியாண்டில் தொடங்கிய திட்டத்தின்படி, அரசுப் பள்ளிகளில் 1 முதல் 10ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்கு ஒரு ஜோடி கறுப்பு ஷூவும் இரண்டு ஜோடி வெள்ளை சாக்ஸும் கிடைக்கின்றன. ஆண்டு முழுவதுக்கும் நான்கு சாக்ஸ். வசதியுள்ள வீட்டில் ஒரு சாக்ஸ் தொலைவது சின்ன எரிச்சல். நான்கே வைத்திருக்கும் பிள்ளைக்கு அது மறுநாள் ஈர சாக்ஸோடு பள்ளிக்குப் போவதா, வெறுங்காலில் ஷூ போடுவதா என்ற கேள்வி.

செம்மண் படிந்த வெள்ளை சாக்ஸை ஊறப்போட்டால் வாளித் தண்ணீர் கலங்கிவிடும். அடியில் படிந்த ஒற்றை சாக்ஸ் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரைச் சாய்க்கும்போது அதுவும் சாக்கடைக்குப் போகும். சாக்ஸை மற்றத் துணியோடு ஊறப்போடாமல் தனியாக ஒரு மக்கில் ஊறவைப்பதும், தண்ணீரைக் கொட்டுமுன் வாளியின் அடியைக் கையால் ஒரு முறை துழாவுவதும் பழகிவிட்டால் இந்த இழப்பு நின்றுவிடும்.

கொடியில் எதிரி காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றால் சாக்ஸின் எடை எம்மாத்திரம்? பக்கத்து வீட்டுக் கூரை, வேலி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம் என்று எங்கேயாவது போய் விழும். அதுவும் ஜோடியாகப் பறப்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் சாக்ஸை ஒவ்வொன்றாக, இடம் கிடைத்த மூலையில் தொங்கவிடுகிறார்கள். ஒன்று விழுந்தது அப்போது தெரியாது. இரண்டையும் சேர்த்து, விரல் பக்கத்தில், ஒரே கிளிப்பில் மாட்டினால் எடை கூடும், எலாஸ்டிக் தளராது, ஜோடியும் அங்கேயே சேர்ந்துவிடும். ஒரு கிளிப்பில் ஒற்றை சாக்ஸ் தொங்கினால் ஒன்று குறைகிறது என்று அந்த நிமிடமே தெரியும். தேடவேண்டிய நேரமும் அதுதான். வாளியும் மெஷினும் பக்கத்திலேயே இருக்கின்றன.

குறியும் கணக்கும்

இதே பிரச்சினையை வீடுகளைவிட நூறு மடங்கு பெரிதாகச் சந்தித்தவர்கள் சலவைத் தொழிலாளர்கள். ஊரார் துணியெல்லாம் ஒரே துறையில், ஒரே வெள்ளாவியில் கலக்கும். ஒவ்வொன்றும் அதனதன் வீட்டுக்குத் திரும்பிப் போயாக வேண்டும். துணியைச் சொன்னபடி திருப்பிக் கொடுப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதைப் பெரியபுராணம் காட்டுகிறது. அதில் வரும் காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்ட நாயனார், ஓர் அடியவரின் கந்தையைப் பொழுது சாய்வதற்குள் வெளுத்துத் தருவதாக வாக்குக் கொடுத்தவர். மழை விடாமல் பெய்து துணி காயாமல் போனதும் துவைகல்லில் தலையை மோதிக்கொள்ளத் துணிந்தார்.

பல வீட்டுத் துணி கலந்தாலும் மாறாமல் இருக்க அவர்கள் கண்ட வழி, ஒவ்வொரு துணியிலும் குறி போடுவது. அதற்கான மை காட்டிலேயே கிடைத்தது. சேங்கொட்டை மரம் முந்திரி, மா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் கொட்டையை ஊசியால் குத்தினால் பிசுபிசுப்பான சாறு வரும். அந்த ஊசி முனையாலேயே காலரின் உள்பக்கத்திலோ வேட்டியின் ஓரத்திலோ வீட்டுக்கொரு அடையாளமாகப் புள்ளி, கோடு, கொக்கி என்று போட்டு மேலே சுண்ணாம்பு தடவினால் கறுத்து நிலைத்துவிடும். அதன்பின் எத்தனை வெள்ளாவி கண்டாலும் போகாது. எழுத்து தேவையில்லை, பெயர் தேவையில்லை. எந்தக் குறி எந்த வீடு என்பது குறி போட்டவரின் நினைவில் இருக்கும்.

அந்தச் சாற்றுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. தோலில் பட்டால் கொப்பளிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்க வீரர்கள் சிலருக்குக் கழுத்திலும் இடுப்பிலும் காரணம் தெரியாத அரிப்பு வந்தது. சீருடையில் சலவைக்குறி பட்ட இடத்தில்தான் அந்த அரிப்பு என்று 1943இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கட்டுரை வெளியானது. நாள் முழுதும் ஷூவுக்குள் வியர்க்கும் காலில் ஒட்டிக்கிடக்கும் சாக்ஸுக்குச் சேங்கொட்டைக் குறி ஆகவே ஆகாது.

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் துணிக்குறி மையாகப் பயன்பட்டது வெள்ளி நைட்ரேட். நிறமற்ற அந்தக் கரைசல் வெளிச்சம் பட்டதும் கறுத்து, துணி நாரோடு ஒட்டிக்கொள்ளும். இதே வெள்ளி நைட்ரேட்தான் இந்தியத் தேர்தல்களில் வாக்காளர் விரலில் வைக்கும் அழியாத மையிலும் இருக்கிறது. அந்த மை தயாராகும் இடம் மைசூர். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் 1937இல் அரக்கும் பெயின்டும் தயாரிக்கத் தொடங்கிய ஆலை, இன்று மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் என்ற கர்நாடக அரசு நிறுவனம், 1962 பொதுத்தேர்தலில் இருந்து தேர்தல் ஆணையத்துக்கு மை கொடுத்துவருகிறது. சட்டை மாறாமல் இருக்க ஒரு காலத்தில் துணிமேல் வைத்த ரசாயனம், ஒருவர் வாக்கு இரண்டாகாமல் இருக்க விரல்மேல் வைக்கப்படுகிறது. இரண்டு இடத்திலும் வேலை ஒன்றே: எண்ணிக்கை தவறாமல் காப்பது.

சலவைத் துறைகளின் ஒழுங்கை இன்றும் நேரில் பார்க்க முடிகிற இடங்களில் ஒன்று ஃபோர்ட் கொச்சியில் உள்ள தோபிகானா. டச்சுக்காரர்கள் தங்கள் படையினரின் துணி வெளுக்கக் கொண்டுவந்து குடியமர்த்திய தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். இப்போதைய தோபிகானா 1976இல் கட்டப்பட்டது. அங்கே காயப்போடும் கயிற்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, முறுக்கின் இடுக்கில் துணியின் ஓரத்தைச் செருகிவிடுகிறார்கள். கிளிப்பே தேவைப்படுவதில்லை, காற்று எவ்வளவு அடித்தாலும் முறுக்கு விடாது. கிளிப் வாங்கி வாங்கி உடைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் இந்தக் கயிற்றைக் கட்டிப் பார்க்கலாம்.

குறியோடு சேர்ந்தது கணக்கு. சலவைக்குப் போடும் வீட்டில் ஒரு நோட்டு இருக்கும். தேதி, வேட்டி இத்தனை, சேலை இத்தனை, சட்டை இத்தனை என்று எழுதி, திரும்பி வரும்போது ஒவ்வொன்றாக எண்ணி வாங்குவார்கள். வாஷிங் மெஷின் வந்ததும் வெளியே யாருக்கும் துணி கொடுக்க வேண்டியதில்லை என்று நோட்டு போனது, எண்ணுவதும் போனது. சாக்ஸ் தொலைவதற்கு மெஷினின் ரப்பரைவிட இதுதான் பெரிய காரணம். போட்டது எத்தனை என்று தெரியாதபோது எடுத்தது குறைவா என்று எப்படித் தெரியும்? பழைய நோட்டுகளிலும் சாக்ஸ் விஷயத்தில் ஒரு ஓட்டை இருந்தது. ‘சாக்ஸ் 3 ஜோடி’ என்று எழுதினால் எண்ணுபவர் கை ஜோடியைத்தான் தேடும். மூன்று குவியல் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடும். ‘சாக்ஸ் 6’ என்று எழுத வேண்டும். வீட்டிலும் அப்படித்தான்: போடும்போது ஆறு, எடுக்கும்போது ஆறு, கொடியில் இருந்து இறக்கும்போது ஆறு. நோட்டுகூட வேண்டாம், வாயால் எண்ணினாலே போதும்.

ஜோடி உடையும் விதம்

சில சாக்ஸ் தொலைந்ததுமே ஏன் எல்லா ஜோடியும் போய்விட்டதுபோல் தோன்றுகிறது என்பதற்குக் கணக்கில் விடை இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த ராபர்ட் மேத்யூஸ் 1996இல் இதைக் கட்டுரையாக எழுதினார். பத்து வெவ்வேறு ஜோடிகள், அதாவது இருபது சாக்ஸ், அலமாரியில் இருக்கின்றன. அதில் ஏதோ ஆறு தொலைகின்றன. அந்த ஆறு 38,760 விதமாக அமையலாம். மூன்று ஜோடி முழுதாகப் போய் ஏழு ஜோடி மிஞ்சும் அதிர்ஷ்டம் அதில் 120 விதத்தில்தான். ஆறு வெவ்வேறு ஜோடிகளில் ஒவ்வொன்று போய் நான்கே ஜோடி மிஞ்சும் மோசமான நிலை 13,440 விதத்தில் வரும். நல்லதைவிடக் கெட்டது நூறு மடங்குக்கும் மேல். துரதிர்ஷ்டம் எதுவும் இல்லை, எண்ணிக்கையின் இயல்பே அப்படி.

இதையே நான்கு சாக்ஸ் வைத்திருக்கும் கௌதள்ளிப் பிள்ளைக்குப் பார்க்கலாம். நான்கும் ஒரே வெள்ளை என்றால் எந்த இரண்டு தொலைந்தாலும் ஒரு ஜோடி நிச்சயம் மிஞ்சும். அதற்குப் பதில் ஒரு ஜோடி வெள்ளை, ஒரு ஜோடி நீலம் என்று இருந்தால், இரண்டு தொலையும் ஆறு விதங்களில் நான்கில் ஒரு வெள்ளையும் ஒரு நீலமும் மட்டுமே மிஞ்சும். ஒரு ஜோடியும் தேறாது. ஒரே நிறத்தில், ஒரே கம்பெனியில், மொத்தமாக வாங்குவதைவிட மலிவான பாதுகாப்பு வேறில்லை. கிழமைக்கு ஒரு நிறத்தில் சாக்ஸ் கேட்கும் பள்ளிகள் பெற்றோரின் செலவை எப்படிக் கூட்டுகின்றன என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஒரே மாதிரி வாங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. அண்ணனும் தம்பியும் அதே வெள்ளை சாக்ஸ். அளவு மட்டும் வேறு. துவைத்த குவியலில் பெரியதும் சிறியதும் ஒரே மாதிரி தெரியும். பழையது பழுப்பேறி எலாஸ்டிக் தளர்ந்திருக்கும், புதியது பளிச்சென்று இருக்கும். இங்கேதான் குறி திரும்பவும் உதவிக்கு வருகிறது. பட்டையின் உள்பக்கத்தில் பெரியவனுக்குச் சிவப்பு நூலில் ஒரு தையல், சின்னவனுக்குப் பச்சை நூலில் ஒரு தையல். காலில் படும் பக்கத்தில் முடிச்சு உறுத்தாமல் தட்டையாக இழுத்து முடிக்க வேண்டும். ஆண்டுதோறும் வாங்கும் புது சாக்ஸுக்கு நூலின் நிறத்தை மாற்றினால் பழசும் புதுசும் கலக்காது. விடுதியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அறை எண்ணையோ சலவை எண்ணையோ இதே இடத்தில் தைத்துக் கொடுக்கலாம்; பேனாவால் எழுதினால் சில துவைப்பில் மங்கிவிடும்.

மெஷினில் போடும்போது ஜிப் வைத்த வலைப்பை நல்ல ஏற்பாடு. அதைப் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது, இறுகிப்போனால் அழுக்குப் போகாது. வலைப்பை வாங்க மனமில்லாதவர்கள் இரண்டு சாக்ஸின் பட்டையையும் சேர்த்துத் துருப்பிடிக்காத சேஃப்டி பின் ஒன்றைக் குத்தலாம். சிலர் இரண்டையும் பந்தாகச் சுருட்டிப் போடுகிறார்கள். ஜோடி பிரியாது என்பது உண்மைதான். உள்ளே இருப்பது வெளுக்காது, காயவும் காயாது. டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் துணி போடாமல் இருப்பதும், எடுத்து முடித்தபின் டிரம்மைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே பார்ப்பதும், ரப்பர் மடிப்பை விரலால் தடவுவதும் எந்த மெஷினுக்கும் பொது.

இவ்வளவுக்குப் பிறகும் மெஷினுக்குள் சாக்ஸ் போய்விட்டதற்கு அடையாளங்கள் உண்டு: தண்ணீர் முழுதாக வடியாமல் நிற்பது, ஸ்பின் ஓடும்போது உரசும் சத்தம், துணியில் புதிதாக ஒரு வாடை. ஃபிரன்ட் லோடு மெஷினில் முன்பக்கம் கீழே இருக்கும் சின்னக் கதவைத் திறந்தால் ஃபில்டர் தெரியும். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சூடான தண்ணீரில் துவைத்திருந்தால் ஆறவிட்டு, கீழே தட்டு ஒன்றை வைத்துத் தண்ணீரை வடித்தபின் ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகி எடுக்க வேண்டும். சாக்ஸ் அங்கே இல்லை, சத்தம் மட்டும் நிற்கவில்லை என்றால் அது வெளித்தொட்டியிலோ ஹீட்டரிலோ சிக்கியிருக்கலாம். டிரம் இடுக்கில் கம்பியை விட்டுக் குடைவது ரப்பரைக் கிழித்துவிடும். மெக்கானிக்கைக் கூப்பிடுவதே சரி.

ஜோடி இல்லாமல் மிஞ்சிய சாக்ஸை உடனே தூக்கிப் போட வேண்டாம். அலமாரியில் ஒரு டப்பாவில் போட்டு வைத்தால், படுக்கை விரிப்பு மாற்றும் நாளிலோ வீடு ஒட்டடை அடிக்கும் நாளிலோ அதன் ஜோடி திரும்பக் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஒரே மாதிரி வாங்கும் வீட்டில் அடுத்து தொலையும் சாக்ஸின் இடத்தை அது நிரப்பும். பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்வரை பார்த்தும் ஜோடி வராவிட்டால், கையில் மாட்டிக்கொண்டு மின்விசிறி இறக்கையைத் துடைக்கவும் ஷூவுக்குப் பாலிஷ் போடவும் அதைவிட நல்ல துணி கிடைக்காது.